மரை வெட்டிய புதுத் துளையில் சீவல் தங்கினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

உலோகத்தில் புதிதாகத் துளையிட்டு, டேப் போட்டு மரை வெட்டி முடித்ததும் போல்ட் ஒழுங்காக ஏறவில்லை என்றால், மரையே கெட்டுவிட்டது என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் மரை நன்றாகவே இருக்கும். வெட்டுப்பட்ட சீவலும் தூளும் வெளியேறாமல் உள்ளே தங்கியிருப்பதுதான் கோளாறு. அதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைப் போட்டு இறுக்கும்போதுதான் நல்ல மரை உண்மையிலேயே கெடுகிறது. குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் படகு எஞ்சின் பார்ப்பவர்கள், நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், மலையோரத் தோட்டங்களில் ரப்பர் ஷீட் ரோலர்களைப் பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் இந்த வேலையை அன்றாடம் செய்கிறார்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன், சுத்தம் செய்யும் வரிசையை மனதில் இருத்திக்கொள்வது நல்லது. முதலில் உதிரியாகக் கிடக்கும் சீவலை வெளியே எடுக்க வேண்டும். அடுத்து மரையின் பள்ளங்களில் ஒட்டியிருப்பதை பிரஷ்ஷால் துலக்க வேண்டும். பிறகு எண்ணெயைக் கழுவ வேண்டும். கடைசியாகத்தான் காற்றடித்து உலர்த்த வேண்டும். எண்ணெய் பூசிய சீவல் மரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே காற்றடித்தால், லேசானவை மட்டும் பறந்து போக, ஒட்டியவை இன்னும் நெருக்கமாக அமுங்கும். கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த வரிசையில் ஒரு படி விடுபட்டதைக் காட்டுபவை.

போல்ட் வாயிலேயே பிடிக்கவில்லை

இது அநேகமாகத் துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறின் வேலை. விரல் நகத்தை விளிம்பில் மெல்ல ஓட்டினால் தடுக்கும். டேப் போடுவதற்கு முன்பே கவுண்டர்சிங்க் பிட்டால் வாயைச் சற்று விரித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. எம்8 துளை (8 மி.மீ. போல்ட்டுக்கான மரை) என்றால் வாய் விட்டம் 9 மி.மீ. அளவுக்கு இருந்தால் போதும். டேப் போட்டு முடித்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் பிடித்து லேசாகச் சுற்றிப் பிசிறை எடுங்கள். எடுத்த பிசிறு உள்ளே விழுந்திருக்கும் என்பதால், அதன் பின் துளையை மறுபடியும் துலக்கியாக வேண்டும்.

போல்ட் பாதி வரை சுலபமாக ஏறி, பிறகு கரகரத்து இறுகுகிறது

கையை நிறுத்திவிடுங்கள். இந்த நிலையில் ஸ்பேனரை எடுப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. போல்ட் மரைக்கும் துளை மரைக்கும் நடுவில் ஒரு சீவல் மாட்டியிருக்கிறது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் அது இரு பக்கத்தையும் உழுது, தானும் பிய்ந்து, மேலும் தூளை உண்டாக்கும். அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, பின்னுக்கும் வராமல் முன்னுக்கும் போகாமல் போல்ட்டே முறிவது வரை இது போகக்கூடும்.

இறுக்கம் எப்படிப்பட்டது என்பதைக் கை சொல்லிவிடும். முதல் சுற்றிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் அது சீவல் அல்ல. டேப்புக்கு முந்தைய துளை சிறியதாகப் போட்டிருப்பார்கள், அல்லது டேப் தேய்ந்திருக்கும். எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ., எம்10-க்கு 8.5 மி.மீ., எம்12-க்கு 10.2 மி.மீ. என்ற ட்ரில் அளவுகளைச் சரிபாருங்கள். எத்தனை முறை போட்டாலும் கரகரப்பே இல்லாமல் ஒரே ஆழத்தில் படிப்படியாக இறுகினால், மூன்றாக வரும் கை டேப்பில் முதல் டேப்போடு வேலையை நிறுத்தியிருக்கிறார்கள், மரை அந்த ஆழத்துக்குக் கீழே முழுமையாக வெட்டப்படவில்லை என்று பொருள். மணல் கடிபடுவது போன்ற கரகரப்பு கேட்டால், அல்லது இறுக்கம் ஒரு முறை ஓர் இடத்திலும் மறு முறை வேறோர் இடத்திலும் வந்தால், சீவல்தான்.

போல்ட்டைக் கழற்றி அதன் மரையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மரையின் சரிவில் புதிதாகப் பளபளக்கும் ஒரு கீறல் கோடு சுற்றி வந்து ஓரிடத்தில் நின்றிருக்கும். அந்தக் கோடு முடியும் இடத்தில், ஊசி முனை அளவுள்ள சுருள் ஒன்று பள்ளத்தில் ஒட்டியிருப்பதைச் சில வேளைகளில் கண்ணாலேயே காணலாம். பிறகு சிறிய டார்ச்சை நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்துத் துளைக்குள் அடியுங்கள். சுத்தமான மரையில் வெளிச்சம் அறுபடாத ஒரே இழையாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். அந்த இழை எங்கே அறுபடுகிறதோ, எங்கே ஒரு புள்ளி மட்டும் தனியாக மின்னுகிறதோ, அங்கே சீவல் இருக்கிறது.

எடுப்பதற்குச் சிறந்த கருவி, துளையை விடச் சற்றே பருமனான நைலான் குழாய் பிரஷ். மரையின் போக்கில் வலப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட்டு, வெளியே இழுக்கும்போதும் அதே திசையில் சுழற்றுங்கள். நேராகக் குத்தி இழுத்தால் நைலான் முடிகள் மரையின் முகடுகளை மட்டும் தொட்டு வரும். பள்ளம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறை வெளியே எடுத்த பின்னும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிவிட்டுத்தான் மறுபடி விட வேண்டும், இல்லையென்றால் எடுத்த சீவலையே திரும்பக் கொண்டுபோய் வைக்கிறோம். பஞ்சு சுற்றிய குச்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்; மரையின் கூர்மையில் பஞ்சு இழை பிய்ந்து உள்ளே தங்கிவிடுகிறது.

பிரஷ் போதாத இடத்தில் டேப்பையே மறுபடி ஓட்டலாமா என்ற கேள்வி எழும். ஓட்டலாம், ஆனால் கையால் மட்டும், எடையே கொடுக்காமல். டேப்பை வாயில் வைத்து முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய மரையின் தொடக்கத்தில் அது 'டக்' என்று விழுவதை விரல் உணரும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெட்டிய வழியிலேயே போகும். இந்தப் பொறுமை இல்லாமல் ஓட்டினால் டேப் புது வழி வெட்டி மரையை மெலிதாக்கிவிடும். அதை விடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. அதே அளவுள்ள நல்ல போல்ட் ஒன்றின் மரை மீது நீளவாக்கில் இரண்டு மூன்று வரிகளை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, விளிம்புப் பிசிறை முக்கோண அரத்தால் நீக்கி, அந்த வரிகளில் கிரீஸ் நிரப்பிக் கையால் மெல்லச் சுற்றி இறக்குங்கள். அது புதிதாக எதையும் வெட்டாது; வழியில் இருக்கும் சீவல் வரிகளுக்குள் விழுந்து கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

போல்ட் தடையில்லாமல் இறங்கி, அடி சேரும் முன்பே கட்டையில் மோதியது போல நின்றுவிடுகிறது

மறுபக்கம் திறக்காத பிளைண்ட் துளைகளில் மட்டும் வரும் அறிகுறி இது. மறுபக்கம் திறந்த துளையில் சீவல் கீழே விழுந்துவிடும், பிரஷ்ஷும் ஊடே போய் வரும். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிளைண்ட் துளையில் வெட்டிய அத்தனையும் அடியில் குவிகிறது. டேப் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதை அமுக்கிக் கெட்டிப்படுத்துகிறது.

உறுதிசெய்ய வெர்னியர் காலிப்பரின் ஆழம் பார்க்கும் கம்பி போதும். டேப் போடும் முன்பே துளையின் ஆழத்தை அளந்து, பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதி வைக்கும் பழக்கத்தை எல்லாரும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். எம்8 மரை 20 மி.மீ. வேண்டும் என்பதற்காக 26 மி.மீ. துளையிட்டிருந்து, டேப் போட்ட பின் கம்பி 22 மி.மீ.-யிலேயே தட்டி நின்றால், 4 மி.மீ. உயரத்துக்குச் சீவல் கெட்டித்திருக்கிறது என்று அறியலாம். முதலில் அளக்கவில்லை என்றால், மரை குறைவா சீவல் அதிகமா என்று தெரியாமல் அடுத்த வேலை முழுவதும் ஊகத்திலேயே நடக்கும்.

வேலைப் பொருள் சிறியதாக இருந்தால் தலைகீழாகக் கவிழ்த்து, மரச்சுத்தியால் முதுகில் தட்டுவதே முதல் வைத்தியம். கவிழ்க்க முடியாத எஞ்சின் பிளாக் போன்றவற்றில் பேனா காந்தத்தை அடி வரை விட்டு எடுக்கலாம், அல்லது வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் துணி சுற்றிப் பொருத்தி, குழாயைத் துளையின் அடி வரை இறக்கி உறிஞ்சலாம். இரண்டுக்கும் அசையாமல் கெட்டித்துப் போயிருந்தால், சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, முனை வளைத்த மெல்லிய கம்பியால் அடியில் மட்டும் கிளறி இளக்கிவிட்டு, சீவலைக் காந்தத்தாலோ பிரஷ்ஷாலோ எடுங்கள். கம்பி மரையில் உரசாமல் நடுவாகவே போக வேண்டும்.

காற்றடிப்பதில்தான் பெரும்பாலான பட்டறைகளில் தவறு நடக்கிறது. ஏர் கன்னைத் துளையின் வாயில் அழுத்தி வைத்து அடித்தால், போன காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. உள்ளே அமுங்கி, திரும்பச் சீறி வரும்போது சீவலை நேராக அடிப்பவரின் கண்ணை நோக்கிக் கொண்டுவருகிறது. துளையை விட மிக மெல்லிய குழாயை அடி வரை இறக்கி, வாயைச் சுற்றித் துணியைத் தளர்வாகப் போர்த்தி, அழுத்தத்தைக் குறைத்து அடித்தால், காற்று அடியிலிருந்து மேலேறிச் சீவலைத் துணிக்குள் சேர்க்கும். சுத்தம் செய்யப் பயன்படுத்தும் காற்றை 30 பி.எஸ்.ஐ.-க்குள், அதாவது ஏறத்தாழ 2 பாருக்குள், குறைக்க வேண்டும் என்றும், சீவல் பறக்காமல் தடுப்பும் கண்ணாடியும் வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி சொல்கிறது. நம் ஊர்ப் பட்டறைக் கம்ப்ரசர்கள் பலவும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில் ஓடுகின்றன. ரெகுலேட்டரைத் திருப்பிக் குறைக்க அரை நிமிடம் ஆகாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைச் செய்யும் பையன்களைப் பார்க்கும்போது உண்மையாகவே எனக்கு மனம் பதறுகிறது.

அடியில் சீவல் இருக்கும்போது இறுக்கினால் போல்ட் இறுகியதாகத் தோன்றும், ஆனால் பொருத்த வேண்டிய பாகத்தை அது அழுத்தியிருக்காது. தலையின் கீழே மெல்லிய ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் தகடு) நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கழுவிய மண்ணெண்ணெயோ கட்டிங் ஆயிலோ அடியில் தேங்கியிருப்பதும் இதே அளவு ஆபத்தானது. திரவம் அமுங்காது என்பதால் போல்ட் இறங்க இறங்க அது சுவரைத் தள்ளி, வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய உறையில் விரிசல் விழச் செய்துவிடும். ஆகவே கழுவியதோடு விடாமல், திரவம் முழுவதையும் உறிஞ்சியோ ஊதியோ எடுத்த பிறகே போல்ட்டை இறக்க வேண்டும்.

அடுத்த துளையிலும் இதே தொல்லை வராமலிருக்க, டேப்பை மாற்றிப் பாருங்கள். முறுக்கு வரி உள்ள ஸ்பைரல் ஃப்ளூட் டேப் சீவலை மேலே இழுத்துத் தள்ளும். பிளைண்ட் துளைக்கு அதுதான் ஏற்றது. முனையில் சரிவாக அறுத்த கன் டேப் சீவலை முன்னே தள்ளும். அது மறுபக்கம் திறந்த துளைக்கு நல்லது, பிளைண்ட் துளையில் போட்டால் சீவலை அடியிலேயே அடைத்துவிடும். மூன்றாக வரும் நேர் வரிக் கை டேப் மட்டுமே இருந்தால், ஒரு சுற்று முன்னே போனால் அரைச் சுற்றுப் பின்னே வந்து சீவலை ஒடித்து, ஒவ்வொரு டேப்புக்கு நடுவிலும் துளையைக் காலி செய்ய வேண்டும். அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களில் ஃபார்மிங் டேப் சீவலே இல்லாமல் மரையை அமுக்கி உருவாக்கும்; அதற்கு முந்தைய துளை பெரியதாக, எம்8-க்கு 7.4 மி.மீ. அளவில் வேண்டும். வார்ப்பிரும்பில் அதைப் போடக் கூடாது.

எத்தனை முறை துலக்கினாலும் தூள் வந்துகொண்டே இருக்கிறது

வார்ப்பிரும்பு சுருளாக வராது. கருப்புத் தூளாக உதிரும். அதில் எண்ணெய் விட்டு டேப் போட்டால் தூளும் எண்ணெயும் கலந்து அரைத்த விழுது போல மரை முழுவதும் அப்பிக்கொள்ளும். ரப்பர் ஷீட் ரோலரின் வார்ப்பிரும்புச் சட்டத்தில் பேரிங் உறைக்காகப் போட்ட துளைகளில் இதை அடிக்கடி காணலாம். வார்ப்பிரும்பைக் காய்ந்த நிலையிலேயே வெட்டினால் தூள் தானாக உதிர்ந்து, பிரஷ்ஷும் லேசான காற்றுமே போதுமானதாக இருக்கும். எண்ணெய் விட்டாகிவிட்டது என்றால், மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் கழுவுவதும் உறிஞ்சுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது; பக்கத்தில் கிரைண்டரின் ஒரு பொறி பறந்தால் போதும். டீசல் கழுவும், ஆனால் பின்னால் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும்.

தேங்காய் எண்ணெயைக் கட்டிங் ஆயிலாகப் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டும்போது அது நன்றாகவே வழுக்கிக் கொடுக்கும். ஆனால் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. மார்கழிக் காலையில் குப்பியில் வெள்ளையாக உறைந்திருக்கும் அதே எண்ணெய், துளையின் அடியிலும் சீவலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உறைந்திருக்கும். முந்தைய நாள் மாலையில் டேப் போட்ட துளையை மறுநாள் காலையில் துலக்க வேண்டியிருந்தால், முதலில் சற்று வெதுவெதுப்பாக்கி எண்ணெயை இளகச் செய்யுங்கள்.

இன்னொரு காரணம் மிகக் கடுமையானது. எஞ்சின் பிளாக்கிலோ ஹைட்ராலிக் பிளாக்கிலோ போட்ட துளை, உள்ளே ஓடும் எண்ணெய்ப் பாதையைக் குறுக்கே வெட்டியிருந்தால், சீவல் அந்தப் பாதைக்குள் போயிருக்கும். நீங்கள் துலக்கத் துலக்க அங்கிருந்து வந்துகொண்டிருக்கும். அப்படியே பூட்டி ஓட்டினால் அது பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்து, படகு கடலில் நிற்கும்போது எஞ்சினைப் பிடித்துவிடும். பாதையின் இரு முனை அடைப்புகளையும் கழற்றி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மண்ணெண்ணெயைப் பாய்ச்சிக் கழுவுவது தவிர வேறு வழியில்லை. வெளியே வரும் திரவத்தை வெள்ளைத் துணி வழியாக வடித்து, துணியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்; ஒரு மினுக்கு தெரிந்தாலும் இன்னொரு முறை பாய்ச்ச வேண்டும். இதில் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று மெக்கானிக்குகளிடம் மன்றாடியே கேட்பேன். கரையில் செலவாகும் ஒரு மணி நேரம், நடுக்கடலில் எஞ்சின் நின்று தவிக்கும் ஆட்களை நினைத்தால் பெரிதே அல்ல.

காந்தம் வெறுமையாக வருகிறது, ஆனால் போல்ட் இறங்கவில்லை

காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை என்பதால் துளை சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. அலுமினியம், பித்தளை, கன்மெட்டல், 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவற்றின் சீவல் காந்தத்துக்கு வராது, அல்லது மிக மெல்லியதாகவே ஒட்டும். கடற்கரையில் நம் கையில் வரும் பாகங்களில் பெரும் பங்கு இவைதாம். குச்சியின் முனையில் கெட்டியான கிரீஸைத் தடவி, துளையின் அடியில் ஒற்றி எடுங்கள்; ஒவ்வொரு ஒற்றலுக்கும் கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். முடிந்ததும் அந்த கிரீஸையும் கழுவியாக வேண்டும்.

வள்ளங்களில் மாட்டும் அவுட்போர்ட் எஞ்சினின் அலுமினிய உறையில் போல்ட் உறைந்து முறிந்து, அதைத் துளைத்து எடுத்து ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாகப் பொருத்தும் கம்பிச் சுருள் மரை) போடும் வேலையில் இரண்டு வகைச் சீவல் கலந்திருக்கும்: முறிந்த போல்ட்டின் எஃகுச் சீவல், உறையின் அலுமினியச் சீவல். எஃகைக் காந்தம் எடுத்துவிடும். அலுமினியத்தை கிரீஸும் பிரஷ்ஷும் எடுக்க வேண்டும். எஃகுத் துணுக்கு ஒன்று அலுமினிய மரையில் தங்கி, உப்புத் தண்ணீர் பட்டால், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும். ஹெலிகாயில் பிடிப்பிழந்து போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துளையைச் சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் இதைப் போன்றதே; ஒட்டிக்கொண்ட இரும்பு சில நாட்களில் செந்நிறக் கறையாக வெளிப்படும்.

மாலையில் சுத்தம் செய்த மரை காலையில் செந்நிறமாக இருக்கிறது

சின்னமுட்டம், முட்டம், குளச்சல் போன்ற கடலோரப் பட்டறைகளில் புதிதாக வெட்டிய எஃகு மரை ஒரே இரவில் துருப் பூத்துவிடுவது வழக்கம். உப்புக் காற்று ஒரு காரணம். நாம் கவனிக்காத இன்னொரு காரணம் கம்ப்ரசரே. ஈரக் காற்றை அமுக்கும்போது டேங்கில் தண்ணீர் சேர்கிறது. ஆனி, ஆடிச் சாரல் காலத்தில் மிக அதிகமாகச் சேரும். அடி வால்வைத் தினமும் திறந்து அதை வடிக்காவிட்டால், உலர்த்துவதாக நினைத்து நாம் அடிக்கும் காற்று துளைக்குள் தண்ணீரையே தெளிக்கிறது. வெள்ளைத் தாளில் சில நொடிகள் காற்றடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஈரம் விழுந்தால் வடிகட்டியையும் டேங்கையும் முதலில் கவனிக்க வேண்டும். தண்ணீர் கலந்த கூலண்ட் பயன்படுத்தியிருந்தால் மண்ணெண்ணெயால் கழுவி, உடனே மெல்லிய எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் அடைப்பாலோ துணியாலோ துளையை மூடி வையுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் உப்பை விடப் புழுதியே பெரிய தொல்லை. அங்கும் துளையைத் திறந்து போடக் கூடாது.

லேசான பூப்பு மரையைக் கெடுக்காது. நைலான் பிரஷ்ஷும் எண்ணெயும் போதும். டேப்பை எடுக்க வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் சரியாகத் தட்டுகிறது, ஆனால் போல்ட் தளர்கிறது

டார்க் ரெஞ்ச் என்பது குறித்த அளவு இறுக்கம் வந்ததும் தட்டிக் காட்டும் ஸ்பேனர். போல்ட்டை இறுக்க நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, தலைக்குக் கீழேயும் மரையிலும் உள்ள உராய்விலேயே செலவாகிறது. மீதி ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பாகங்களை அழுத்துகிறது. மரையில் சீவல் இருந்தால் உராய்வு சிறிது கூடினாலே அந்த ஒரு பங்கும் கரைந்துபோகும். ரெஞ்ச் தட்டும், பிடிப்பு இருக்காது. மரையைத் துலக்கிய பின், போல்ட்டை வெறும் விரலால் கடைசி வரை இறக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். விரலால் இறங்காத போல்ட்டில் டார்க் அளவைப் பேசுவதில் பொருளில்லை. தலைக்குக் கீழே அமரும் தளத்தில் ஒரு சீவல் கிடந்தாலும் இதே விளைவுதான். ஓடத் தொடங்கியதும் அது நசுங்க, போல்ட் தளர்ந்துவிடும்.

லாக்டைட் போன்ற மரைப் பசை போட்டும் தளர்ந்தால், எண்ணெய் முழுதாகப் போகவில்லை என்று கொள்ளலாம். மண்ணெண்ணெய் விட்டுச்சென்ற படலத்தை அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஆவி போகும் வரை காத்திருந்து, துளை மரையும் போல்ட் மரையும் இரண்டும் உலர்ந்த பிறகே பசையை இட வேண்டும். இறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து பாகத்தின் மேல் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பார்க்கும்போது கோடு விலகியிருந்தால், அந்தப் போல்ட்டை அப்படியே இறுக்காமல் முழுவதும் கழற்றி, துளையின் ஆழத்தை மறுபடி அளப்பதிலிருந்து தொடங்குங்கள்.